காலைல 6 மணிக்கு எந்திரிச்சு வெயில்ல நடந்தேன், தூக்கம் இன்னும் லேட் ஆயிடுச்சு. எங்க தப்பு?

ராக்கோழி
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. எனக்கு வயசு 29. பதினாலு பதினஞ்சு வயசுல இருந்தே ராத்திரி தூக்கம் வராது. வராதுன்னா சுத்தமா வராதுன்னு இல்ல, விடியக்காலை நாலரை மணி ஆச்சுன்னா யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி கண்ணை சொக்கும், படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன், யாரும் எழுப்பலைன்னா பன்னெண்டரைக்கு தானா முழிப்பு வரும், உடம்பு நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கும். பிரச்சனை என்னன்னா உலகம் பன்னெண்டரைக்கு ஆரம்பிக்கறது இல்ல.

போன வேலைல 9 மணிக்கு உள்ள இருக்கணும். ரெண்டு வருஷம் வாரத்துல அஞ்சு நாள் மூணு மணி நேரத் தூக்கத்தோட ஓட்டினேன், லீவு நாள்ல பொணம் மாதிரி கெடப்பேன், வீட்ல கும்பகர்ணன்னு பேரு. ஒரு தடவை அலாரம் வச்ச போனை பாத்ரூம் பக்கெட்டுக்குள்ள வச்சேன், எந்திரிச்சே ஆகணும்ல. எந்திரிச்சேன், ஆஃப் பண்ணேன், அப்படியே ஈரத் தரைல செவுத்துல சாஞ்சு உக்காந்து தூங்கிட்டேன். பக்கெட் எக்கோல ஸ்னூஸ் அடிச்சது கூட கேக்கல.

டாக்டர்கிட்ட போனேன், தூக்கம் வரலைன்னு சொன்னேன், தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தார். பதினோரு மணிக்கு போட்டா மண்டை பாரமா இருக்கும், ரெண்டு மணி நேரம் கோழித்தூக்கம், அப்புறம் முழிச்சு நாலரை வரைக்கும் ஃபேனை பாத்துட்டு இருப்பேன். ஒரு மாசத்துல அவர்கிட்ட சொல்லிட்டு விட்டுட்டேன்.

இப்ப ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவுல இருக்கேன், கைல ஏழு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு எல்லா வீடியோலயும் சொல்ற மாதிரி காலைல 6 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு ஒரு மணி நேரம் வெளிய வெளிச்சத்துல நடந்தேன். ஏழரைக்கு வீட்டுக்கு வந்தா உக்கார கூட முடியாது, அப்படியே விழுந்து ஒரு மணி வரைக்கும் தூங்கிடுவேன். 17 நாள் விடாம பண்ணேன். இப்ப நாலரைக்கு வந்த தூக்கம் அஞ்சேகாலுக்கு தான் வருது! எல்லாரும் காலை வெளிச்சம் காலை வெளிச்சம்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் தலைகீழா வேலை செய்யுது? இது நிஜமாவே பாடி க்ளாக் பிரச்சனையா, இல்ல வீட்ல சொல்ற மாதிரி சோம்பேறித்தனமா?

விடியல்வீரன்
ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, இதெல்லாம் பழக்கம் தான். நானும் அப்படித்தான் இருந்தேன், போனை ஒம்பது மணிக்கு தூக்கிப் போட்டேன், கண்ணை மூடிட்டு படுத்தேன், மூணே நாள்ல சரியாச்சு. மனசு வச்சா முடியாதது இல்ல. மத்தியானம் தூங்குறதை நிறுத்துங்க முதல்ல.

அரைத்தூக்கம்
ராக்கோழி, நீங்க எழுதினது படிக்கும்போது என் டைரிய யாரோ திருடிட்டாங்களோன்னு தோணுச்சு. எனக்கு இது என்னன்னு பேர் தெரிஞ்சதே 34 வயசுல. டிலேய்டு ஸ்லீப் ஃபேஸ், அதாவது தூக்கத்துல கோளாறு இல்ல, தூக்கத்தோட நேரம் தான் தள்ளி நிக்குது. விட்டா எட்டு மணி நேரம் நல்லா தூங்கறீங்கல்ல, அது தான் அடையாளம். சாதா இன்சோம்னியா இருக்கவங்களுக்கு எத்தனை மணிக்கு படுத்தாலும், லீவா இருந்தாலும், தூக்கம் தகராறு பண்ணும். நீங்க டாக்டர்கிட்ட "தூக்கம் வரலை"ன்னு சொன்னீங்க, அவரு அதுக்கு மாத்திரை குடுத்தாரு. "நாலரைக்கு வருது, பன்னெண்டரை வரைக்கும் நல்லா இருக்கு"ன்னு சொல்லியிருந்தா பேச்சே வேற மாதிரி போயிருக்கும். நானும் இதே தப்ப மூணு டாக்டர்கிட்ட பண்ணேன்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, ஏன் தலைகீழாச்சு. இது பலருக்கும் தெரியாத விஷயம், வீடியோ போடறவங்களுக்கும் தெரியாது போல.

மூளைக்குள்ள, ரெண்டு கண்ணுல இருந்து வர்ற நரம்பும் குறுக்க போற எடத்துக்கு மேல, சுமார் 20,000 நியூரான் இருக்க ஒரு குட்டி கொத்து இருக்கு. அது தான் தலைமைக் கடிகாரம். அது தானா ஓடுறப்ப ஒரு சுத்துக்கு 24 மணி நேரத்தை விட கொஞ்சம் கூட எடுத்துக்கும், சராசரியா 24 மணி 10 நிமிஷத்துக்கு பக்கம். அந்த கொசுறை தெனமும் வெட்டி சரி பண்றது வெளிச்சம். கண்ணுல பாக்கறதுக்கு இருக்க செல் இல்லாம வெளிச்சத்தை அளக்க மட்டும்னு தனியா ஒரு வகை செல் இருக்கு, நீல வெளிச்சத்துக்கு அது ரொம்ப உணர்ச்சி காட்டும், அது நேரா இந்த கடிகாரத்துக்கு லைன் போட்டிருக்கு.

சரி, வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும்? இங்க தான் நீங்க மாட்டினீங்க. உடம்புச் சூடு ஒரு நாள்ல ஒரு நேரத்துல ரொம்ப கீழ எறங்கும், வழக்கமா தானா முழிக்கற நேரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி. அந்த பள்ளத்துக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் பட்டா கடிகாரம் "ஓ இன்னும் சாயங்காலமே முடியல"ன்னு நெனச்சு லேட் ஆகும். பள்ளத்துக்கு அப்புறம் பட்டா "அடடா விடிஞ்சிருச்சே"ன்னு முன்னாடி வரும். ராத்திரி 11க்கு தூங்கி காலை 7க்கு முழிக்கறவனுக்கு பள்ளம் 4, 5 மணிக்கு. அவன் 6 மணிக்கு வெயில்ல நடந்தா லாபம். உங்களுக்கு முழிப்பு பன்னெண்டரை, அப்ப பள்ளம் தோராயமா 9:30, 10 மணி. நீங்க 6 மணிக்கு வெளிய போனது உங்க உடம்பு கணக்குல நடுராத்திரி. நடுராத்திரில ஒரு மணி நேரம் முகத்துல ஃப்ளட் லைட் அடிச்ச மாதிரி. அதுக்கப்புறம் எந்த வெளிச்சம் உங்களுக்கு நல்லது பண்ணுமோ அந்த நேரம் ஃபுல்லா இருட்டு ரூம்ல தூங்கியிருக்கீங்க. 17 நாள்ல முக்கால் மணி நேரம் தான் தள்ளிச்சுன்னு சந்தோஷப்படுங்க.

அதே மாதிரி ராத்திரி 12க்கு போய் படுக்கறதும் வேஸ்ட். தூக்கம் வர்ற நேரத்துக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி நேரம் உடம்பு எல்லாத்தையும் விட அதிகமா முழிச்சிருக்கும், கடைசியா ஒரு தம் கட்டற மாதிரி. மத்தவங்களுக்கு அது சாயங்காலம் ஏழு எட்டு மணி, உங்களுக்கு நடுராத்திரி. அந்த நேரத்துல கொட்ட கொட்ட முழிச்சு கெடந்தா கட்டிலைப் பாத்தாலே பயம் தான் வரும், எனக்கு வந்துச்சு.

விடியல்வீரன் அவர்களே, கோவிச்சுக்காதீங்க, மூணு நாள்ல சரியாச்சுன்னா உங்களுக்கு இருந்தது லேட்டா படுக்கற பழக்கம், இவருக்கு இருக்கறது வேற. மனசு வச்சா முடியும்ங்கறதுக்கு ஒரு கதை சொல்றேன். தூக்க ஆராய்ச்சிக்கே அடிக்கல் போட்டவர்னு சொல்லப்படற நத்தானியல் கிளைட்மன், 1938ல தன்னோட மாணவர் ப்ரூஸ் ரிச்சர்ட்சனை கூட்டிட்டு அமெரிக்கால மேமத் குகைக்குள்ள போய் 32 நாள் தங்குனாரு. சூரியனே கிடையாது. ஒரு நாளைக்கு 28 மணி நேரம்னு வச்சு வாழ்ந்து பாக்கறது திட்டம். சின்னப் பையன் ரிச்சர்ட்சன் உடம்பு அதுக்கு பழகிருச்சு. கிளைட்மனுக்கு 43 வயசு, அவர் உடம்பு கடைசி வரைக்கும் 24 மணி நேரக் கணக்க விட்டுக் குடுக்கவே இல்ல. அவருக்கா மனசு இல்ல? மனசு இல்லாதவன் ஒரு மாசம் குகைல படுப்பானா?

என்ன பண்ணலாம்னா, 6 மணி அலாரத்தை தூக்கிப் போடுங்க. ரெண்டு மூணு நாள் தானா எப்ப முழிப்பு வருதோ அப்ப எந்திரிங்க, இப்போதைக்கு ஒரு மணின்னு வச்சுப்போம். முழிச்ச அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள வெளிய போயிடுங்க, அரை மணில இருந்து ஒரு மணி நேரம், கூலிங் கிளாஸ் வேண்டாம், நிழல்ல நின்னா கூட போதும். வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கம் உக்காந்தேன்னு சொல்லாதீங்க, வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அளவுல சொல்வாங்க, ரூம் லைட்டு வெளிச்சம் நூத்துக்கணக்கான லக்ஸ் தான், மேகம் மூடின நாள்ல கூட வெளிய ஆயிரக்கணக்குல இருக்கும், நல்ல வெயில்னா லட்சம் வரைக்கும் போகும். நம்ம கண்ணு சமாளிச்சுக்கறதால வித்தியாசம் தெரியாது, கடிகாரத்துக்கு தெரியும். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அலாரத்தை 20, 30 நிமிஷம் முன்னாடி கொண்டு வாங்க, வெளிச்சமும் கூடவே முன்னாடி வரணும். தூக்கம் பின்னாலயே வரும், ஆனா நாலஞ்சு நாள் லேட்டா வரும், அந்த நாலு நாள்ல தான் எல்லாரும் கைவிடுவாங்க. நான் நண்பகல்ல இருந்து எட்டரைக்கு வர்றதுக்கு ஆறு வாரம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை வழுக்கினேன். அந்த ஆறு வாரமும் கிச்சன்லயும் ஹால்லயும் ராத்திரி பத்து மணிக்கு மேல மேல இருக்க லைட்ட போடவே இல்ல, மூலைல ஒரு மஞ்ச பல்பு மட்டும், ஒரு ராத்திரி பூனை வாலை மிதிச்சேன், பூனை இன்னும் மறக்கல.

நைட்டூட்டி_அக்கா
நான் நர்ஸ், பதினோரு வருஷமா நைட் ஷிஃப்ட் வந்து போயிட்டு இருக்கேன். அரைத்தூக்கம் சொன்ன அந்த வெளிச்சக் கணக்கு எங்களுக்கு வேற ரூபத்துல வரும். ட்யூட்டி முடிச்சு காலைல ஏழு மணிக்கு வெளிய வந்தா கண்ணுல வெயில் அடிக்கும், உடனே உடம்பு "விடிஞ்சாச்சு"ன்னு எடுத்துக்கும், வீட்டுக்கு வந்து படுத்தா பதினோரு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடும். மூணு வருஷம் கழிச்சு ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் கறுப்பு கண்ணாடி போட்டு வீட்டுக்கு வர ஆரம்பிச்சேன், ரூம் ஜன்னல்ல கனத்த துணி மாட்டினேன், காலிங் பெல் ஒயரை புடுங்கினேன். அதுல தூக்கம் ஒரு மணி நேரம் கூடுச்சு. ஆனா தம்பி ஒண்ணு, வண்டி ஓட்டிட்டு வந்தா அந்த கண்ணாடி போடாதீங்க, தூக்கக் கலக்கத்தோட வண்டி ஓட்டறதே ஆபத்து, இது வேற இன்னும் சொக்க வைக்கும். நான் பஸ்ல வருவேன்.

எங்க கஷ்டம் என்னன்னா கடிகாரம் ராத்திரிக்கு திரும்பவே திரும்பாது. நிரந்தரமா நைட் ட்யூட்டி பாக்கறவங்கள்ல கூட கொஞ்ச பேருக்கு தான் முழுசா பழகும். லீவு நாள்ல எல்லாரும் பகல் மனுஷனா மாறிடுவோம், அப்ப மறுபடி பழைய நிலைமை. நான் இப்ப பண்றது நடுவாந்திர வழி, லீவு நாள்லயும் ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்து மத்தியானம் வரைக்கும் தூங்குறேன், அப்ப ரெண்டு பக்கமும் ரொம்ப தூரம் தாண்ட வேண்டியதில்ல. பாதி ட்யூட்டிக்கு மேல காபி தொட மாட்டேன், காபில இருக்கறதுல பாதி உடம்பை விட்டுப் போகவே அஞ்சு மணி நேரம் ஆகுமாம்.

எங்க எடத்துல முன்னாடி ஷிஃப்ட்ட பின்பக்கமா சுத்துவாங்க, நைட்டு, அப்புறம் மத்தியானம், அப்புறம் காலைன்னு. உயிரே போகும். சண்டை போட்டு காலை, மத்தியானம், நைட்டுன்னு மாத்த வச்சோம். இதே கணக்கு தான், லேட்டா போறது உடம்புக்கு ஈஸி, சீக்கிரம் வர்றது தான் கஷ்டம். விமானத்துல கிழக்கால போனா ஜெட் லேக் அதிகமா அடிக்கறதும் இதனால தான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2007லயே நைட் ஷிஃப்ட்ட "புற்றுநோய் வர அனேகமா காரணமாகலாம்"ங்கற லிஸ்ட்ல போட்டுருச்சு, 2019ல மறுபடி பாத்தும் அங்கயே வச்சாங்க. பயமுறுத்தறதுக்கு சொல்லல, வீட்ல "பகல்ல தூங்கினா என்ன, அதுவும் தூக்கம் தானே"ன்னு கேக்கறவங்களுக்கு சொல்றேன்.

குறுக்குவழி
இவ்ளோ கஷ்டம் எதுக்கு? ஒரு ராத்திரி முழுக்க தூங்காம இருந்து அடுத்த நாள் ஒம்பது மணிக்கு படுத்தா ரீசெட் ஆயிடும். இல்லைன்னா தூக்கத்தை சீக்கிரத்துக்கு இழுக்கறதுக்கு பதிலா லேட்டாவே தள்ளிட்டு போங்க, தெனம் மூணு மணி நேரம் லேட்டா படுத்து படுத்து ஒரு சுத்து சுத்தி வந்துடுங்க, ஒரு வாரத்துல முடிஞ்சுது.

இருபத்தஞ்சாம்மணி
குறுக்குவழி அண்ணா, அந்த ரெண்டாவது ஐடியாவ தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. நான் அதை செஞ்சவன்.

அது ஒண்ணும் கட்டுக்கதை இல்ல, டிலேய்டு ஸ்லீப் ஃபேஸ்னு முதல்ல பேர் வச்ச 1981லயே அந்த ஆராய்ச்சிக்காரங்க குடுத்துப் பாத்த சிகிச்சை தான். தள்ளிப் போறது உடம்புக்கு ஈஸிங்கறதால அந்தப் பக்கமாவே சுத்தி வர்றது. ஆனா சுத்த ஆரம்பிச்ச சிலருக்கு அப்புறம் நிக்கவே நிக்காது, அது பின்னாடி தான் தெரிஞ்சுது. எனக்கு நிக்கல. 26 வயசுல லீவு போட்டு ஒரு வாரம் சுத்தினேன், பத்து மணி வந்ததும் கொடி நாட்டின மாதிரி சந்தோஷம், நாலு நாள் கழிச்சு பாத்தா பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணுன்னு நழுவுது. அப்ப இருந்து என் நாளுக்கு 25 மணி நேரம். தெனம் ஒரு மணி நேரம் தள்ளிப் போனா 24 நாளைக்கு ஒரு தடவை ஒரு முழு சுத்து. காலண்டர்ல தூங்குற நேரத்தை நீலத்துல அடிச்சு வச்சிருக்கேன், படிக்கட்டு மாதிரி கீழ எறங்கி மறுபடி மேல வந்து மறுபடி எறங்கும். மாசத்துல ஒரு வாரம் நான் எல்லாரையும் போல மனுஷன், அந்த வாரத்துல தான் பேங்க், பல் டாக்டர், சொந்தக்காரங்க எல்லாம். மத்த மூணு வாரம் என்னை பாத்தவங்க பேய்னு நெனப்பாங்க.

இது நான்-24 (Non-24)னு சொல்ற வகை, அதாவது 24 மணி நேரத்துக்குள்ள அடங்காத கடிகாரம். பெரும்பாலும் பார்வை சுத்தமா இல்லாதவங்களுக்கு வரும், வெளிச்சமே உள்ள போகலைன்னா அந்த கொசுறை வெட்ட ஆள் இல்லைல, அவங்கள்ல பாதிப்பேருக்கு மேல இந்த நழுவல் இருக்கு. அவங்களுக்காகவே டாசிமெல்டியான்னு ஒரு மாத்திரைக்கு அமெரிக்கால 2014ல அனுமதி குடுத்தாங்க. என்னை மாதிரி கண்ணு நல்லா இருந்தும் நழுவறவங்க கம்மி. 1962ல மிஷேல் சிஃப்ர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆல்ப்ஸ்ல ஒரு குகைக்குள்ள ரெண்டு மாசம் கடிகாரம் இல்லாம இருந்தாரு, செப்டம்பர் 14 அன்னைக்கு அவரை வெளிய கூப்பிட்டா அவர் கணக்குல அன்னைக்கு ஆகஸ்ட் 20. படிச்சப்ப சிரிப்பு வரல, என் வீட்லயே நடக்குது.

ஒரு ராத்திரி முழுக்க முழிக்கற ஐடியாவும் அதே தான், அடுத்த நாள் அசதில விழுந்து தூங்கலாம், கடிகாரம் அங்கயே நிக்கும், மூணாம் நாள் பழையபடி நாலரை. தூக்க பாரம் வேற, கடிகாரம் வேற. ஒண்ணு முழிச்சிருக்க நேரத்துக்கு ஏத்த மாதிரி ஏறிட்டே போறது, இன்னொண்ணு யாரையும் கேக்காம சுத்தறது.

ராக்கோழி
ஒரு மாதிரி இருக்கு படிக்கறப்ப. பதினஞ்சு வருஷம் நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேன். அந்த 9:30, 10 மணி பள்ளத்துக் கணக்க நாலு தடவை படிச்சேன், இப்ப புரியுது. ரெண்டு கேள்வி. மெலடோனின் பத்தி என்ன நெனைக்கறீங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் 10 மில்லிகிராம் போடுன்னு டப்பாவே குடுத்தார், படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் போட்டேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் போன்ல நைட் மோட் போட்டா போதுமா, இல்ல நீல வெளிச்சத்தை தடுக்கற அந்த ஆரஞ்சு கண்ணாடி வாங்கணுமா?

அரைத்தூக்கம்
மெலடோனின தூக்க மாத்திரைன்னு நெனக்கறது தான் முதல் தப்பு. அது "இருட்டிடுச்சு"ன்னு உடம்புக்குள்ள போற தந்தி. மூளைல பீனியல் சுரப்பி, தூக்கம் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி அதை விட ஆரம்பிக்கும். நீங்க விடியக்காலை அஞ்சு மணிக்கு போட்டா உடம்புல ஏற்கனவே தந்தி வந்தாச்சு, இன்னொரு தந்தி வந்து என்ன ஆகப்போகுது. சீக்கிரமா இருட்டிடுச்சுன்னு ஏமாத்தணும்னா வழக்கமா தூக்கம் வர்ற நேரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடி போகணும், அளவும் கம்மியா, எனக்கு எழுதிக் குடுத்தது அரை மில்லிகிராம். பத்து மில்லிகிராம் போட்டா அது காலை வரைக்கும் உடம்புல கெடந்து தப்பான நேரத்துலயும் தந்தி அடிச்சிட்டே இருக்கும். தூக்கம் முன்னாடி நகர நகர அதையும் முன்னாடி நகர்த்தணும்.

ஆனா யாரோ குடுத்த டப்பால இருந்து போடாதீங்க. 2017ல கனடால 31 மெலடோனின் சப்ளிமெண்ட்ட சோதிச்சாங்க, லேபிள்ல போட்டதை விட 83 சதவீதம் கம்மில இருந்து 478 சதவீதம் அதிகம் வரைக்கும் இருந்துச்சு. வலிப்பு இருக்கவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பமா இருக்கவங்க எல்லாம் டாக்டரை கேக்காம தொடவே கூடாது. பளிச்சுன்னு வெளிச்சம் குடுக்கற லைட் தெரபி விளக்கும் அப்படித்தான், பைபோலார், அதாவது மனநிலை ரொம்ப மேலயும் ரொம்ப கீழயும் போயிட்டு வர்ற வியாதி இருக்கவங்களுக்கு அது மனநிலையை அளவுக்கு மீறி தூக்கி விட்டுரும், கண்ணு விழித்திரைல பிரச்சனை இருந்தாலும் கேட்டுட்டு தான்.

போன் விஷயத்துல என் அபிப்ராயம், ஊரே போனை திட்டுது, தலைக்கு மேல எரியற வெள்ள ட்யூப் லைட்ட யாரும் திட்டறது இல்ல. போன் ஸ்க்ரீனை விட ரூம் லைட்டு தான் கண்ணுக்கு அதிகம் வெளிச்சம் குடுக்கும். முதல்ல அதை அணைங்க. நைட் மோட் போட்டுக்கோங்க, கெடுதல் இல்ல, ஆனா நைட் மோட்ல ரெண்டு மணி வரைக்கும் சண்டை வீடியோ பாத்தா அது கடிகாரப் பிரச்சனை இல்ல, உங்க பிரச்சனை. ஆரஞ்சு கண்ணாடி நான் போடறேன், வீட்ல எல்லாரும் வெல்டிங் வேலைக்கு போறியான்னு கேப்பாங்க.

டாக்டர்கிட்ட மறுபடி போங்க, ஸ்லீப் ஸ்பெஷலிஸ்ட்டா பாருங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எழுதி வைங்க, எப்ப படுத்தேன், தோராயமா எப்ப தூங்கினேன், எப்ப முழிச்சேன், அலாரமா தானாவா. தானா முழிச்ச நாள் தான் முக்கியம். கைல வாட்ச் மாதிரி ஒண்ணு கட்டி அசைவ பதிவு பண்ணுவாங்க, ஒரு வாரத்துக்கு கொறையாம. குறட்டை, மூச்சு நிக்கறது இருந்தா சொல்லிடுங்க, அது வேற வியாதி, அதையும் பாக்கணும். மனசு ரொம்ப சோர்வா இருந்தா அதையும் மறைக்காதீங்க, இதுவும் அதுவும் ஒண்ணா வர்றது சகஜம்.

செடிப்பிரியன்
கொஞ்சம் சம்பந்தம் இல்லாதது தான், ஆனா சொல்லாம இருக்க முடியல. இந்த உள்ளுக்குள்ள கடிகாரம்ங்கற விஷயத்த முதல்ல காட்டிக் குடுத்தது தொட்டாற்சுருங்கி மாதிரி ஒரு செடி. 1729ல தெ மைரான்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர் அதை கொண்டு போய் இருட்டுல வச்சாரு, வெளிச்சமே இல்லாம அது பகல்ல இலைய விரிச்சு ராத்திரி மடக்கிட்டே இருந்துச்சு. அந்த கடிகாரத்துல இருக்க ஜீன் எப்படி வேலை செய்யுதுன்னு பழ ஈய வச்சு கண்டுபிடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017ல நோபல் குடுத்தாங்க. அதே வருஷம் யங்கோட லேப் தான் சில குடும்பத்துல பரம்பரையா வர்ற இந்த லேட் தூக்கத்துக்கு ஒரு ஜீன் மாற்றம் காரணம்னும் காட்டுச்சு. ராக்கோழி, உங்க அப்பா அம்மா பக்கம் யாராவது ராத்திரி உலாத்தற ஆள் இருந்தாங்களான்னு கேட்டுப் பாருங்க.

மூணுமணிக்காபி
எங்க அப்பாவுக்கு இதுக்கு நேர் எதிர். சாயங்காலம் ஏழு மணிக்கு நியூஸ் பாத்துட்டே நாற்காலில தலை தொங்கிரும், ராத்திரி ரெண்டரைக்கு எந்திரிச்சு பாத்திரத்தை உருட்டுவார். வயசானா இப்படித்தான்னு விட்டுட்டோம். மேல சொன்ன கணக்குப்படி பாத்தா அவருக்கு சாயங்காலம் தான் வெளிச்சம் குடுக்கணும், இல்லையா? விடியக்காலை நடைய நிறுத்தணுமா?

அரைத்தூக்கம்
ஆமா, அட்வான்ஸ்டு ஸ்லீப் ஃபேஸ்னு அதுக்கு பேரு, தூக்கத்தோட நேரம் சீக்கிரமாவே வந்து நிக்கறது. சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்கு நடக்கச் சொல்லுங்க, வீட்ல ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும் நல்லா லைட்டு போடுங்க, மூணு மணிக்கு முழிச்சா கிச்சன் லைட்ட பளிச்சுன்னு போட விடாதீங்க. நடையை நிறுத்த வேண்டாம், சாயங்காலத்துக்கு மாத்துங்க. கண்புரை இருந்தா பாக்கச் சொல்லுங்க, லென்ஸ் மங்கினா கடிகாரத்துக்கு வெளிச்சம் கம்மியா தான் போகும்.

ராக்கோழி
அஞ்சு வாரம் கழிச்சு வந்திருக்கேன். முதல் வாரம் ஒரு மணிக்கு எந்திரிச்சு மத்தியான வெயில்ல நடந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் பரிதாபமா பாத்தார். அடுத்து பன்னெண்டரை, பன்னெண்டுன்னு வந்து, இப்ப ஒம்பதே முக்காலுக்கு அலாரம், பத்து நிமிஷம் முன்னாடியே முழிப்பு வந்துடுது. தூக்கம் ரெண்டு மணிக்கு வருது. நடுவுல ஒரு ராத்திரி பயணம், மறுநாள் மூணு மணி வரைக்கும் தூங்கிட்டேன், அது நாலு நாள் பின்னாடி இழுத்துருச்சு. டாக்டர் டைரிய பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாம்ல"ன்னார். அரை மில்லிகிராம் எழுதியிருக்கார், ராத்திரி ஒம்பதரைக்கு. அம்மாகிட்ட கேட்டேன், தாத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ரேடியோவ கழட்டி மாட்டிட்டு இருப்பாராம், அவரையும் உருப்படாதவர்னு தான் சொன்னாங்களாம்.

புது வேலைல எட்டரைக்கு வரணும்னாங்க. கடிகாரம், வெளிச்சம் எதுவும் சொல்லல, பத்தரைல இருந்து ஏழரை வரைக்கும் பாக்கறேன்னு மட்டும் கேட்டேன். மூணு மாசம் பாப்போம்னு சொல்லியிருக்காங்க. ஒம்பதே முக்கால்ல இருந்து இன்னும் முன்னாடி போகணுமா, இங்கயே நிப்பாட்டலாமா?

அரைத்தூக்கம்
பத்தரைக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா எட்டே முக்கால் வரைக்கும் கொண்டு வந்து அங்க நிறுத்துங்க, வழில போற நேரம் வேணும்ல. அதுக்கு மேல இழுக்காதீங்க. லீவு நாள்லயும் ஒரு மணி நேரத்துக்கு மேல தாண்டாதீங்க. ராத்திரி பயணம் வந்தா மறுநாள் வழக்கமான நேரத்துக்கே எந்திரிச்சு வெளிச்சத்துக்கு போயிட்டு, தாங்கலைன்னா மத்தியானம் அரை மணி நேரம் மட்டும் படுங்க.

நைட்டூட்டி_அக்கா
தம்பி, தாத்தாவோட ரேடியோ இன்னும் இருக்கா?

ராக்கோழி
இருக்குக்கா. ஓடாது.